முதலாளி வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் குடம்

பாத்திரக்கடை கண்ணாயிரத்துக்குக் கோவிந்தன் தொண்ணூற்றாறு ரூபாய் கடன்பட்டிருந்தான். ஒரு எவர்சில்வர் குடத்துக்காகப் பட்ட கடன். மாதம் எட்டு ரூபாய் வீதம் பன்னிரண்டு தவணை என்று பேச்சு. ஒரு வருடத்தில் தீர்ந்திருக்க வேண்டியது, இரண்டு வருடம் ஆகியும் பாதிதான் தீர்ந்திருந்தது. அந்தக் குடத்தில் அவன் வீட்டார் ஒரு நாள்கூடத் தண்ணீர் மொண்டதில்லை. அது ஒடுகத்தூரில் அவனுடைய முதலாளி வீட்டுப் பரண்மேல் கவிழ்ந்து கிடந்தது.

கோவிந்தன் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒடுகத்தூருக்கு மேலே மூன்று மணி நேரம் மலை ஏறினால் வருகிற இருபது வீட்டு ஊரில் பிறந்தவன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் ஒரு கூடைப் புளியைக் கையில் தூக்கிப் பார்த்தால் போதும், கால் கிலோ முன்னே பின்னே எடை சொல்லிவிடுவான். சும்மா அளக்கிற பேச்சில்லை. பதினாறு வயதில் அப்பனோடு புளிச்சுமை இறக்க வந்தவன், துரைக்கண்ணு மண்டியில் நின்று, "கல்லு தப்புங்க, ரெண்டு கிலோ கம்மியா காட்டுது" என்று சொன்னான். கணக்கு எழுதுகிறவர் அடிக்க வந்தார். துரைக்கண்ணு தடுத்து, வேறு கல்லை வைத்து நிறுத்துப் பார்த்தார். பையன் சொன்னதே சரி. இன்னும் இரண்டு மூட்டை தூக்கச் சொன்னார். அதுவும் சரி. அன்றைக்கே வேலைக்கு வைத்துக்கொண்டார். பதினான்கு வருடம் மூட்டை தைத்து, கூட்டிப் பெருக்கி, லாரிக்குச் சாக்கு எண்ணி, எழுபத்து மூன்றாம் வருடம் தராசில் உட்கார்ந்தான். மலை ஜனத்தில் அந்தக் கடைத்தெருவில் தராசு பிடித்த முதல் ஆள் அவன்தான். படித்தவர்கள் பத்துப் பேரைக் கொண்டுவந்து நிறுத்துங்கள், அந்தக் கை யாருக்கும் வராது.

மாசி பிறந்தால் மலையிலிருந்து புளி இறங்கும். நான்கு மாதம் சீசன். அந்த நான்கு மாதமும் தராசுக்காரனுக்கு மாதம் நூற்றிருபது ரூபாய். மூட்டை தூக்குகிறவனுக்குத் தொண்ணூறு. தராசில் யார் உட்காருவது என்பதை ஒவ்வொரு வருடமும் பொங்கல் கழிந்ததும் துரைக்கண்ணு சொல்லுவார். நீட்டி முழக்கிச் சொல்லமாட்டார். மாசி முதல் தேதி காலையில் யாரைப் பார்த்து, "ஒக்காரு" என்கிறாரோ அவன்தான்.

அதற்கு முன்னால் பொங்கல் வரும். மண்டி ஆட்கள் எல்லாரும் போகியன்றைக்கு, மண்டிக்குப் பின்கட்டிலேயே இருந்த முதலாளி வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோவது வழக்கம். யாரும் போட்ட சட்டமில்லை. ஆனால் கொண்டுவராதவனை யாரும் மறப்பதும் இல்லை. கணக்கு எழுதும் தேவராஜ் ஒரு வருடம் சுவர்க்கடிகாரம் கொடுத்தார், ஒரு வருடம் பித்தளைக் குத்துவிளக்கு. கோவிந்தன் தன் கொல்லையில் விளைந்ததைத் தூக்கிக்கொண்டு இறங்குவான். இரண்டு படி புதுச் சாமை, ஒரு கூடை மொச்சை, கிடைத்தால் ஒரு சீசா தேன். முதலாளி வீட்டம்மா மணியம்மாள் அதை முறத்தில் கொட்டி வாங்கிக்கொள்வார்.

எழுபத்தாறாம் வருடப் போகியன்று சாமை மூட்டையை இறக்கி வைக்கும்போது தேவராஜ் சத்தமாகக் கேட்டார்.

"இன்னா கோயிந்தா, மொதலாளி வூட்டு மாட்டுக்கா?"

கூலி ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். துரைக்கண்ணுவும் மீசையைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டார். அதில் வஞ்சம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு மலை ஏறும்போது கோவிந்தனுக்கு மூன்று மணி நேரமும் அந்தச் சிரிப்புதான் காதில் விழுந்தது.

அடுத்த பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவன் கண்ணாயிரத்தின் கடையில் போய் நின்றான். தவணைக்குப் பாத்திரம் கொடுப்பதில் கண்ணாயிரம் கெட்டிக்காரர். சைக்கிளில் சட்டிபானை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பணம் வசூலிப்பவர்.

"பெருசா ஒரு கொடம் வேணும். தேவராஜ் கண்ணுல குத்தற மாதிரி இருக்கணும்."

"கண்ணுல குத்தறதுன்னா இதான்யா. ரெண்டேகால் கிலோ. மொகம் பாத்து சவரம் பண்ணலாம்." கண்ணாயிரம் குடத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "பேரு வெட்டணுமா? பேரு வெட்றது ஓசி."

"வெட்டுங்க. து. மணியம்மாள், ஒடுகத்தூர்னு."

மலைக்குப் போய் மனைவி செந்தாமரையிடம் சொன்னபோது அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றுவிட்டது.

"தவணையிலயா? கடன் வாங்கி இன்னொருத்தர் வூட்டுக்குக் குடுக்கலாமா மாமா? அந்தக் கடன் அவங்க வூட்டுலதான போய் ஒக்காரும்?"

அவர்கள் ஊரில் அப்படி ஒரு முறை. கல்யாணமோ காதுகுத்தோ, இன்னொரு வீட்டுக்கு ஒரு பொருள் கொடுத்தால் அது சொந்தமாக விளைந்ததாக இருக்கவேண்டும், அல்லது கைப்பணத்தில் வாங்கியதாக இருக்கவேண்டும். கடனில் வாங்கியது என்று தெரிந்தால் பெற்றுக்கொண்டவர்கள் அதை எடுத்து வாசற்படிக்கு வெளியே வைத்துவிடுவார்கள். தெரியாமல் கொடுத்துவிட்டால், தீரும்வரை கொடுத்தவன் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் கொடுத்ததும் கெட்டது, வாங்கினவர் வீடும் கெட்டது.

"நாலு மாசந்தான். சீசன் சம்பளம் வந்தா மூணு மூணு தவணையா கட்டிடுவேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"தெரியலேன்னா ஒக்காராதா?" என்றாள் செந்தாமரை. முறம் மறுபடி ஆட ஆரம்பித்தது.

எழுபத்தேழாம் வருடப் போகி. புதுத் துண்டில் சுற்றிய குடத்தைக் கோவிந்தன் மண்டி மேசைமேல் வைத்துத் துண்டை உருவினான். தேவராஜ் கொடுத்த வேட்டி அந்தப் பளபளப்பின் பக்கத்தில் செத்துப்போய்க் கிடந்தது. அந்த ஒரு நிமிடம் கோவிந்தனுக்குக் கிடைத்தது. கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

துரைக்கண்ணு குடத்தைத் தூக்கிப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். கீழே வைத்தார்.

"வெய்ட்டா கீதே. இன்னா வெல கோயிந்தா?"

"வெலையெல்லாம் எதுக்கு மொதலாளி. வச்சிக்கங்க."

"சொல்லுப்பா. நூறு ரூவா இருக்குமா?"

"கிட்டத்தட்ட இருக்கும்."

"ஏது அவ்ளோ துட்டு உங்கிட்ட?"

கோவிந்தன் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னான், "எங்கிட்ட இருந்துச்சு மொதலாளி."

பின்னால் தேவராஜ் லேசாகக் கனைத்தார். உள்ளேயிருந்து மணியம்மாள் எட்டிப் பார்த்து, "சாமை கொண்டாரலியாப்பா?" என்று கேட்டார். "இந்த வருசம் இதுதாம்மா" என்றான். "சரி" என்று சொல்லிக் குடத்தை எடுத்துப் போனார். முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றையும் காணோம்.

அவனுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. போன சீசன் சரக்கைக் கிடங்கிலிருந்து எடுத்து விற்றபோது கணக்கில் மூன்று மூட்டை குறைந்திருந்தது. புளி காய்ந்தால் எடை இறங்கும். விலை ஏறட்டும் என்று மாதக்கணக்கில் விற்காமல் வைத்திருந்தது முதலாளியின் ஆசை. ஆனால் பொங்கல் நேரத்தில் தராசுக்காரன் நூறு ரூபாய்க் குடத்தோடு வந்து, "எங்கிட்ட இருந்துச்சு" என்றால், மூன்று மூட்டை எங்கே போனது என்று கேட்கவே வேண்டாம், பதில் மேசைமேல் மினுங்கிக்கொண்டு இருந்தது.

மாசி முதல் தேதி கோவிந்தன் குளித்து நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்தான். தராசில் ராஜவேலு உட்கார்ந்திருந்தான். தேவராஜின் மைத்துனன். துரைக்கண்ணு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நீ மூட்டை பாரு கோயிந்தா. ஒடம்பு நல்லா கீதில்ல."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் குடத்தின் பேச்சு வரும். குடத்தின் பேச்சு வந்தால் தவணையின் பேச்சு வரும். எண்பது கிலோ மூட்டையைக் கொக்கி போட்டு இழுத்து, பிடரியில் ஏற்றிக்கொண்டு, பலகைமேல் நடந்து லாரியில் போட்டான். மறுபடி இறங்கி வந்தான். முப்பத்து நாலு வயதில் புதிதாகச் சுமை தூக்கப் பழகுவது லேசான காரியமில்லை. ஆனாலும் அந்த ஆட்களில் ஒருவன்கூட அவனுக்கு முன்னால் தன் மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பியதில்லை.

சுமையைவிட இன்னொன்று அவனை வாட்டியது. ராஜவேலு எண்பது என்று எழுதிய மூட்டை இவன் பிடரியில் ஏறியதும் எண்பத்து மூன்று என்று சொல்லும். மலை ஆட்கள் மூட்டைக்கு மூன்று கிலோ விட்டுவிட்டுப் போகிறார்கள். அதில் இவன் சித்தப்பனும் ஒருவன். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டான்.

"மொதலாளி, இது எண்பத்து மூணு."

"தூக்கறது உன் வேல. நிறுக்கறது அவன் வேல."

அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது.

தவணை இழுத்தது. தொண்ணூறு ரூபாயில் கீழே சோற்றுக் கடைக்குப் போனது போக, மலைக்குக் கொண்டுபோக மிஞ்சுவதே கொஞ்சம். அந்த ஆடியில் செந்தாமரைக்கு இரண்டாவது பிரசவம் சிக்கலாகி, வேலூர் ஆஸ்பத்திரிவரை போய்த் தாயும் பிள்ளையுமாகத் திரும்பிய செலவு வேறு. சீசன் முடிந்தால் கூலியும் கிடையாது. கண்ணாயிரத்தைத் தெருமுனையிலேயே நிறுத்தி, "மண்டிப் பக்கம் மட்டும் வராதீங்க" என்று கெஞ்சி, நாலு ரூபாய், இரண்டு ரூபாய் என்று கொடுத்துவந்தான்.

"இன்னாய்யா, எல்லாரும் கொடத்துல தண்ணி எறைப்பாங்க. நீ கொடத்தையே சொட்டு சொட்டா எறைக்கறியே" என்பார் கண்ணாயிரம். நல்ல மனிதர். சொல்லிவிட்டு வாங்கிக்கொள்வார்.

எழுபத்தெட்டுப் பொங்கல் வந்தது. இந்த வருடம் என்ன கொடுப்பது? புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு நாள் பேசினார்கள்.

"போன வருசம் கொடம் குடுத்துட்டு இப்ப வெறுங்கையோட போனா, தராசு போச்சேன்னு கோவத்துல கீறான்னு நெனப்பாங்க" என்றான் கோவிந்தன்.

"அப்ப இன்னொரு கொடம் குடு. கழுத்துல இந்தக் கயிறு கீது, இதையும் வச்சிக் கட்டிக் குடு."

"சாமையே எடுத்துக்கினு போறேன்."

"அத மொதல்லியே எடுத்துக்கினு போயிருந்தா?"

அவன் சாமையைக் கட்டிக்கொண்டு இறங்கினான். மணியம்மாளுக்குத்தான் முகம் மலர்ந்தது. "வந்துச்சா! எனக்குச் சக்கரை வியாதிப்பா. டாக்டரு அரிசிச் சோறு வேணாம்னுட்டாரு. போன வருசம் நீ கொண்டாருவேன்னு பாத்து ஏமாந்துட்டேன். அந்தக் கொடம் ரொம்ப கனம், என்னால தூக்கி இடுப்புல வைக்க முடியல, பரண்மேல போட்டுட்டேன்."

கோவிந்தன் பரணைப் பார்க்கவில்லை. வெளியே வந்தான். மண்டி வாசலில் துரைக்கண்ணு பல் குத்திக்கொண்டிருந்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"தராசுல இருந்தப்ப கொடம். மூட்டை தூக்கறப்ப சாமை. அப்படித்தான கோயிந்தா?"

அப்போதுதான் அவனுக்கு முழுசாக விளங்கியது. ஒரு வருடமாக அந்த மனிதர் தன்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தது. பெரிசாகக் கொடுத்தபோது திருடன். குறைத்துக் கொடுத்ததும் அதற்கு அத்தாட்சி. பதினெட்டு வருடம் அந்த மண்டியில் ஒரு புளியங்கொட்டை எடுத்து வாயில் போட்டதில்லை அவன். வாயைத் திறந்தால் ஒரே வார்த்தையில் தீர்ந்துவிடும். திறக்கவில்லை. கடன் இன்னும் தீரவில்லை. மனிதனுக்கு அவனவன் ஊர் முறை ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பிழைப்பது என்றால் யார் வேண்டுமானாலும் பிழைக்கலாம்.

இன்னொரு சீசனும் மூட்டையிலேயே போனது. சனிக்கிழமை மலை ஏறும்போது முன்னெல்லாம் நடுவில் ஒரு இடத்தில் உட்காருவான்; இப்போது நான்கு இடத்தில் உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் குப்புறப் படுத்துவிடுவான். மூத்த பிள்ளை வந்து முதுகில் ஏறினால், "எறங்கு சாமி, அப்பன் மூட்டைய எறக்கி வச்சிட்டு வந்துட்டேன்" என்பான். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்.

எழுபத்தொன்பதாம் வருடப் போகிக்கு அவன் எதுவும் கொண்டுபோகவில்லை. செந்தாமரை சாமையைக் கட்டி வைத்திருந்தாள். அவன் அதைத் தொடாமல் கிளம்பினான்.

"ஏன் மாமா?"

"பெருசா குடுத்துப் பாத்துட்டேன். சின்னதா குடுத்துப் பாத்துட்டேன். குடுக்காம ஒண்ணுதான் பாக்கி."

மண்டியில் பழைய சாக்குகளை உதறிக்கொண்டிருந்தான். மேசைமேல் மற்றவர்கள் கொண்டுவந்தது எல்லாம் பரப்பிக் கிடந்தது. தேவராஜ் ஒரு ரேடியோ உறை தைத்துக் கொண்டுவந்திருந்தார், ராஜவேலு இரண்டு வேட்டி. அப்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது. கண்ணாயிரம். அவருக்கும், சரக்குக் கொடுக்கிற பெரிய கடைக்காரனுக்குப் பொங்கலுக்குள் கட்டவேண்டிய பணம் இருந்தது. தெருமுனையில் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"இன்னாய்யா கோயிந்தா, மூணாவது பொங்கலும் வந்துச்சு. கொடத்த எப்ப கட்டி முடிக்கப்போற?"

கோவிந்தன் கையில் சாக்கு அப்படியே நின்றது.

"எந்தக் கொடம்?" என்றார் துரைக்கண்ணு.

"உங்க வூட்டுக் கொடந்தாங்க. நான்தான பேரு வெட்டினேன், து. மணியம்மாள்னு. எழுத்து முத்து முத்தா விழுந்துச்சே, பாக்கலியா?"

"தவணையிலயா வாங்கினான்?"

"பன்னெண்டு தவணைங்க. ஆறு வந்துச்சு. பாக்கி நாப்பத்தெட்டு. நோட்டு கீது, பாருங்க."

துரைக்கண்ணு நோட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். முதல் வரியில் எட்டு. அதற்குக் கீழே நாலு, இரண்டு, நாலு, மூன்று, ஒன்று. தேதி எல்லாம் சனிக்கிழமை. தான் கூலி கொடுத்த சனிக்கிழமைகள். விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கீழே வந்தார். வெகுநேரம் ஆயிற்று.

"ஏண்டா, அன்னிக்கே கேட்டேனே. தவணைன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

"சொல்லக்கூடாதுங்க. கடன்ல குடுத்தது, தீர்றவரைக்கும் அந்தக் கடன் வாங்கினவங்க வூட்டு மேல நிக்கும். தெரிஞ்சா நீங்க அத வெளிய வச்சிருக்கணும். எங்க ஊருல அப்படி."

உள்ளேயிருந்து மணியம்மாளின் குரல் வந்தது. "அப்ப ரெண்டு வருசமா எங்க வூட்டு மேலயாப்பா கடன ஏத்தி வச்சிருந்த? அதான் கெணத்து மோட்டாரு ரெண்டு வாட்டி பத்திக்கிச்சா?"

சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கோவிந்தன் சிரிக்கவில்லை. அவனுக்கு அது நிஜம்.

"கொடத்த எறக்கிக் குடுத்துட்றேன், எடுத்துக்கினு போய்யா" என்றார் துரைக்கண்ணு.

"பேரு வெட்டினத எவன் வாங்குவான்?" என்றார் கண்ணாயிரம். "இன்னொரு து. மணியம்மாள் இந்த ஊர்ல பொறந்து வரணும்."

துரைக்கண்ணு பணப்பெட்டியைத் திறந்தார். "நாப்பத்தெட்டுதான? நான் குடுத்துட்றேன். வுடு."

"வேணாங்க." கோவிந்தன் சாக்கைக் கீழே போட்டான். "குடுத்ததுக்குத் துட்டு வாங்கினா நானும் பாத்திர யாவாரி ஆயிடுவேன். அதுக்கு இவரு ஒருத்தரு போதும்."

"பின்ன இன்னாதான் வேணும் உனுக்கு?"

இரண்டு வருடம் அடைத்துக் கிடந்தது அப்போது வெளியே வந்தது. சத்தம் போடவில்லை. சத்தம் போடத் தெம்பில்லை.

"எங்கிட்ட தப்பு கண்டு தராசுலர்ந்து எறக்கினீங்க. தப்பு இல்லன்னு இப்ப பாத்துட்டீங்க. தராசுக்காரன் சம்பளத்துக்கும் மூட்டைக்காரன் சம்பளத்துக்கும் மாசம் முப்பது ரூவா. ரெண்டு சீசன். எட்டு மாசம்."

தேவராஜ் பென்சிலை எடுத்துத் தாளில் எழுதப் போனார்.

"இருநூத்தி நாப்பதுண்ணே" என்றான் கோவிந்தன். "எழுதவேணாம்."

துரைக்கண்ணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி போடாமல் பார்த்தால் அவரும் கிழவராகத்தான் தெரிந்தார். "நான் கேட்டப்ப நீ வாயத் தொறக்கல. நீ வாயத் தொறக்கலன்னு நானும் கேக்காம வுட்டேன். தப்புல பாதி உன்னுது, பாதி என்னுது. பாதி குடுக்கறேன். மாசி ஒண்ணாந்தேதி வந்து தராசுல ஒக்காரு."

வேறு நாளாக இருந்தால் கோவிந்தன் முழுசுக்கும் மல்லுக்கு நின்றிருப்பான். பின்னாளில் சொந்த மண்டி வைத்து, ஒரு ரூபாய்க்கு ஒரு மணி நேரம் வழக்காடின ஆள் அவன். அன்றைக்கு முடியவில்லை. நாளைக்குப் பொங்கல். அந்த வீட்டு உலையில் பால் பொங்குவதற்கு முன்னால் கடன் இறங்கவேண்டும். அதோடு, "எங்கிட்ட இருந்துச்சு" என்று மார்பை நிமிர்த்திச் சொன்னது யார் வாய் என்பதும் அவனுக்கு மறக்கவில்லை.

"சில்லறையாக் குடுங்க மொதலாளி" என்றான்.

பதினொரு பத்து ரூபாய் நோட்டும் பத்து ஒரு ரூபாய் நோட்டும் மேசைக்கு வந்தன. மணியம்மாள் கதவு ஓரத்தில் வந்து நின்றார். கோவிந்தன் பணத்தை எடுத்தான். மூட்டை ஏற்றி ஏற்றி மரத்துப்போன விரல்களுக்கு நோட்டைப் பிரிப்பது சிரமமாக இருந்தது. எச்சில் தொட்டுக்கொண்டு கண்ணாயிரத்தின் பக்கம் திரும்பினான்.

கண்ணாயிரம் கணக்கு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளங்கையை விரித்து நீட்டினார். கோவிந்தன் அதில் நான்கு பத்து ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தான். பிறகு ஒரு ரூபாய் நோட்டுகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே வைத்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று மெதுவாக எண்ணினான், நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கினான், எட்டாவதையும் வைத்துவிட்டுக் கையை எடுத்தான்.